வாழைப்பழமும் வலது கெண்டைக்காலும்

பூன் லே, சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பில் உப்புக் குறைவதால்தான் தசை பிடிக்கிறது என்றால், சைக்கிளில் மேடேறும்போது எனக்கு எப்போதும் வலது கெண்டைக்காலில் மட்டும் ஏன் பிடிக்கிறது என்று அன்று நீ கேட்டாய். பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்தில், நாசி லெமாக்குக்கு வரிசையில் நின்றவர்களின் இரைச்சலுக்கு நடுவே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பாகவே உன் தோழர்கள் இருவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நீ வாழைப்பழம் போதிய அளவு தின்னவில்லை என்றார் ஒருவர். உப்புச்சத்துப் பொடி இன்னொரு பொட்டலம் கரைத்துக் குடித்திருக்க வேண்டும் என்றார் மற்றவர். இருவரும் நல்ல பிள்ளைகள்தாம். ஆயினும் ஒரு நல்ல கேள்வியை அவசர விடையால் அமுக்கிவிடுவது எனக்குச் சகிக்காத காரியம் ஆதலால், அங்கே சொல்ல முடியாமற் போனதை இங்கே சாவகாசமாக எழுதுகிறேன்.

இரத்தம் ஒன்றுதான். வலக்காலுக்கும் இடக்காலுக்கும் ஒரே இருதயம் ஒரே இரத்தத்தைத்தான் அனுப்புகிறது. அதில் சோடியம் குறைந்திருக்குமானால் இரண்டு கெண்டைக்கும் ஒரே விதமாகவே குறைந்திருக்க வேண்டும். தோளுக்கும் தாடைக்கும், ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும் விரல்களுக்கும் அவ்வாறே குறைந்திருக்க வேண்டும். அவையெல்லாம் சும்மா இருக்க, மணிக்கணக்காக உழைத்த ஒரு தசை மட்டும் கல்லாய்த் திரண்டு நிற்பானேன்? இந்தச் சம்சயத்தை உப்புவாதிகளிடம் கேட்டுப் பார். பெரும்பாலோர் பேச்சை மாற்றுவார்கள்.

வாழைப்பழத்தின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. ஒரு லிட்டர் வியர்வையில் வெளியேறும் பொட்டாசியம் சுமார் 200 மில்லிகிராம். உடம்பினுள் அது நூறு கிராமுக்கு மேல் சேமிப்பிலிருக்கிறது. லிம் சூ காங் சாலையில் காலை முழுவதும் வெயிலில் மிதித்தாலும் அந்தச் சேமிப்பில் தட்டுப்பாடு வந்துவிடாது. வியர்வையில் கணிசமாகப் போவது சோடியம். லிட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 மில்லிகிராம் வரை, ஆளுக்கு ஆள் மாறுபடும். வாழைப்பழத்திலோ சோடியம் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். ஆக, அதிகம் போகாத பொருளை ஈடுசெய்ய ஒரு பழத்தைத் தின்று, போகும் பொருளை மறந்துவிடுகிறோம்! பழத்தின்மேல் எனக்குப் பகையில்லை. அதிலுள்ள மாவும் சர்க்கரையும் மிதிப்பவனுக்கு நல்ல ஆகாரம். வயிறு காலியானால் தசை சீக்கிரம் களைக்கும். களைத்த தசைதான் பிடிப்புக்கு இலக்காகும். அந்த வகையில் பிஸ்கோத்தும் அதே நன்மையைச் செய்யும். நீ தினந்தோறும் இறங்குகிற ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த சியூ பூன் லே (1852-1933) ஜூரோங்கில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர் மட்டுமல்ல, ஹோ ஹோ பிஸ்கோத்துத் தொழிற்சாலையை நிறுவியவரும் அவரே என்பதை உன் வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது யார் என்று கேட்பாரைத்தான் காணோம். இருக்கட்டும்.

உப்புக் கொள்கை வெறும் மூடநம்பிக்கை என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதன் பூர்வீகம் கௌரவமானது. நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக்காற்றை அறியச் சிறு பறவைகளைக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்ன ஜான் ஸ்காட் ஹால்டேனை நீ படித்திருப்பாய். அவர் காலத்தில், ஆழமான வெப்பச் சுரங்கங்களில் வேலைசெய்த இங்கிலாந்துத் தொழிலாளர்களுக்குக் கையிலும் காலிலும் வயிற்றிலும் கொடிய பிடிப்பு வருவதைக் கண்டு, 1923-இல் மாஸ் என்பவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வியர்வையில் உப்பை இழந்தவர்கள் வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்ததே அதற்குக் காரணம் என்பது மாஸ் கண்ட முடிவு. குடிநீரில் சிறிது உப்புச் சேர்த்ததும் பிடிப்புக் குறைந்தது. பிறகு அமெரிக்காவில், கொலராடோ நதியின் குறுக்கே ஹூவர் அணை எழும்பிக்கொண்டிருந்த பாலைவனத்துக்கு 1932-ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்ட் களைப்பாராய்ச்சிக் கூடத்தார் சென்று, அங்கிருந்த தொழிலாளரிடமும் ஏறக்குறைய அதையே கண்டார்கள். (இந்த ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் தந்தையைவிடப் பெரும் மேதை. 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவிலும் பின்னர் புவனேசுவரத்திலும் வாழ்ந்து, 1964-இல் அங்கேயே காலமானார். அவர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளை வாலிபத்தில் நான் இரவல் வாங்கிப் படித்து, திருப்பிக் கொடுக்க மனமின்றித் தவித்ததுண்டு. நீ கைப்பேசியை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு அவற்றை வாசித்தால் உன் சைக்கிளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.)

சுரங்கத் தொழிலாளி நாள்தோறும், வாரக்கணக்கில், கடும் வெப்பத்தில் உடம்பையே பிழிந்தவன். அவனுடைய பிடிப்பு உடம்பெங்கும் இடம் மாறி மாறி வந்தது. நீயோ ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரம் மிதிக்கிறவன். உன் பிடிப்பு ஒரே தசையில் வருகிறது. இரண்டு நோய்க்கும் பெயர் ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்ற மருத்துவர் 1997-இல் இந்தப் பேதத்தை எடுத்துக்காட்டி, உழைப்பால் வரும் பிடிப்புக்கு மூலகாரணம் களைத்துப்போன தசைக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள ஆளுகை பிசகுவதே என்று வாதித்தார். பிற்பாடு நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பளவிலோ நீர்ச்சத்திலோ பொருட்படுத்தத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. 2011-இல் நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியாளர் 210 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில் வெளிப்பட்ட உண்மை இது: தங்கள் சக்திக்கு மிஞ்சிய வேகத்தில் போனவர்களையும், முன்பே பிடிப்புக் கண்ட சரித்திரம் உடையவர்களையும் அது தேடிவந்து பிடித்தது. உப்பின் பக்கம் நின்று இன்றும் வாதாடும் அறிஞர்கள் உண்டு. அதிகமாக உப்பு வியர்க்கும் சிலருக்கு அவர்கள் சொல்வது பொருந்தவும் கூடும். உன் வலது கெண்டையோ ஷ்வெல்னஸின் கட்சியில்தான் சாட்சி சொல்கிறது.

இனி அந்த ஆளுகை எப்படிப் பிசகுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு தசையையும் இயக்குகிற நரம்பணுக்கள் தண்டுவடத்தில் இருக்கின்றன. தசையின் உள்ளே கதிர் வடிவில் அமைந்த நுண்ணுறுப்பு, தசை நீளும்போதெல்லாம், 'சுருங்கு, சுருங்கு' என்று அந்த அணுக்களைத் தூண்டுகிறது. தசை எலும்போடு சேரும் நாணிலுள்ள மற்றொரு நுண்ணுறுப்பு, அந்த நாண் விறைப்பாக இழுபடும்போது, 'போதும்' என்று அடக்குகிறது. மாட்டுக்குத் தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும்போல இவை இரண்டும் இருக்கிறவரையில் வண்டி ஒழுங்காக ஓடும். தசை களைப்படையக் களைப்படையத் தார்க்குச்சியின் குத்து அதிகரிக்கிறது; கயிற்றின் பிடி தளர்கிறது. அந்தச் சமயம் பார்த்துத் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்குமானால், நாண் தொய்ந்து கிடப்பதால், அடக்கும் குரல் அறவே எழுவதில்லை. உடனே நரம்பணு தன்பாட்டுக்குக் கட்டளைகளைச் சரமாரியாக அனுப்பத் தொடங்குகிறது. தசை திரண்டு உருண்டு நின்றுவிடுகிறது. நம்மூர்ப் பெரியவர்கள் இதைத்தான் 'நரம்பு சுண்டி இழுக்கிறது' என்பார்கள். நரம்பு இழுப்பதில்லை, தசைதான் இழுக்கிறது என்று அவர்களைத் திருத்தப் பள்ளிக்கூடத்தில் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டளை கிளம்பும் இடத்தைப் பார்த்தால் அவர்கள் அவ்வளவு தவறாகவும் சொல்லிவிடவில்லை.

இதற்குச் சாட்சியம் உன்னிடமே இருக்கிறது. பிடித்த காலை என்ன செய்கிறாய்? வண்டியை நிறுத்தி, முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கி மடக்கி, கெண்டையை இழுத்துப் பிடிக்கிறாய். அரை நிமிடத்தில், மிஞ்சினால் இரண்டு நிமிடத்தில், கட்டு அவிழ்கிறது. அந்த அரை நிமிடத்தில் உன் காலுக்குள் உப்பு எங்கிருந்து வந்தது? ஒரு துளியும் வரவில்லை. தொய்ந்திருந்த நாணை நீ இழுத்தாய், அடக்கும் குரல் மீண்டும் எழுந்தது, அவ்வளவே. என்னைக் கேட்டால், இந்த ஒரு நீட்டல் உப்புக் கொள்கைக்கு எதிராக நூறு கட்டுரைக்குச் சமானம் என்பேன்.

அப்படியானால் சைக்கிள்காரனுக்குக் கெண்டையில் ஏன்? கெண்டைக்காலின் மேல்தசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரண்டு மூட்டுகளையும் தாண்டிச் செல்வது. முழங்காலும் மடங்கி, பாதமும் கீழ்நோக்கிக் கூராக நீண்டிருந்தால், அது இரண்டு முனையிலும் குறுகிப்போகிறது. உன் இருக்கை உயரமாயிருந்தால், பெடல் அடியில் போகும்போது அதை எட்டிப் பிடிக்க நீ கால்விரலை நீட்டியே ஆக வேண்டும். நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை, மணிக்கணக்காக, குறுகிய தசையை மேலும் சுருக்குகிறாய். நீ சொன்ன பாதையை நினைத்துப் பார். பூன் லேயிலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏற்ற இறக்கங்களைச் சுற்றிவிட்டு, வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலை வழியாகப் பாசிர் பாஞ்சாங் வந்து, சவுத் புவன விஸ்தா சாலையில் வளைந்து வளைந்து கென்ட் ரிட்ஜ் முகட்டை ஏறி இறங்கி, தெலுக் பிளாங்காவைக் கடந்து ஃபேபர் மலையில் முடிக்கிறாய். நம் தீவின் மிக உயர்ந்த புக்கிட் தீமாவே 164 மீட்டருக்கு உட்பட்டதுதான். இவை குன்றுகள் என்று சொல்லவும் கூசத்தக்க மேடுகள். ஆயினும் ஒவ்வொன்றும் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், கனத்த கியரிலேயே எழுந்து நின்று ஒரே மூச்சில் மிதித்துவிடலாம் என்ற ஆசை வாலிபர்களுக்கு உண்டாகிறது. கடைசி மேட்டில் உனக்குப் பிடிக்கிறதென்றால், அதன் வித்து முதல் மேட்டிலேயே விதைக்கப்பட்டுவிட்டது என்று கொள்.

ஆகையால் இருக்கையில் தொடங்கு. சுவரோரம் வண்டியைச் சாய்த்து ஏறி அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, அதை அடிக்குக் கொண்டுபோ. இடுப்பு ஒருபுறம் சரியாமல் முழங்கால் நேராக நிற்க வேண்டும். குதிகால் எட்டவில்லையென்றால் இருக்கை உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் இயல்பாகவே சிறிது மடிப்பு இருக்கும். காலணியின் அடியிலுள்ள கிளீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால் கெண்டையின் பாரம் குறையும். வலது கிளீட்டும் இடது கிளீட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எந்தக் காலை ஊன்றுகிறாய், எந்தக் காலால் உந்திக் கிளம்புகிறாய் என்பதையும் கவனி. உன் கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த இரண்டிலொன்றில் ஒளிந்திருக்கும். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள். தோழர்கள் முன்னே போனால் போகட்டும். இறக்கத்தில் பெடலை நிறுத்தி, ஒரு குதிகாலைத் தாழ்த்திக் கெண்டையை நீட்டு. பிறகு காலை மாற்று. கட்டணமில்லாத சிகிச்சை இது. சாலையில் போகும் இளைஞர்களில் இதைச் செய்கிறவர்களை நான் காண்பது அபூர்வம்.

இப்போது என் பிரியமான விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகக் கேள். அமெரிக்க விளையாட்டு வீரர்கள் நெடுநாளாகவே பிடிப்பு வந்தால் வெள்ளரிக்காய் ஊறுகாயின் புளித்த நீரைக் குடிப்பது வழக்கம். உப்பு அதில் இருக்கிறது, ஆகவே குணமாகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். கெவின் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் 2010-இல் வெளியிட்ட சோதனையில், கால் பெருவிரலை மடக்கும் சிறு தசையில் மின்தூண்டலால் பிடிப்பை உண்டாக்கி, சிலமுறை வெறும் நீரையும் சிலமுறை ஊறுகாய் நீரையும் குடிக்கச் செய்தார். ஊறுகாய் நீர் குடித்தபோது பிடிப்பு கணிசமாக விரைவில், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குள், விட்டது. அந்த நேரத்தில் அது இரைப்பையைத் தாண்டியே இருக்க முடியாது. இரத்தத்தின் உப்பளவும் மாறவில்லை. அப்படியென்றால் வேலை நடந்த இடம் வாயும் தொண்டையும்! காரமும் புளிப்பும் அங்குள்ள நரம்பு முனைகளைச் சுரீரென்று உசுப்ப, அந்தச் செய்தி தண்டுவடம் வரை போய்த் தறிகெட்ட நரம்பணுவை அடக்குகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பொட்டாசியம் அயனி செல்லும் வாயிலின் அமைப்பைக் கண்டுபிடித்து 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராடரிக் மெக்கின்னன், கடலில் படகு வலிக்கையில் தமக்கே பிடிப்பு வந்து அவதிப்பட்டபின், இந்த வழியிலேயே யோசித்து, இஞ்சி, இலவங்கப்பட்டை, மிளகாய் ஆகியவை சேர்ந்த ஒரு பானத்தை உருவாக்கினார். நரம்பு வாயில்களின் சூட்சுமத்தையெல்லாம் அறிந்த ஒரு மகாமேதை சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நின்ற இடம் நம் அடுக்களை அலமாரி என்பதில் எனக்கு உண்டாகும் சந்தோஷத்தை நீ மன்னிக்க வேண்டும். அதை அழகான சிறு புட்டியில் அடைத்தால் வாங்குவீர்கள். தேக்காவில் ஒரு போத்தல் உப்பு எலுமிச்சை ஊறுகாய் வாங்கி, எண்ணெய் சேராத அதன் சாற்றில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள் என்று கிழவன் சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள்! எலுமிச்சைச் சாற்றை யாரும் ஆய்வுக்கூடத்தில் பரீட்சித்ததாக நான் உரிமை கொண்டாடவில்லை. காரியம் நடக்கும் வழி ஒன்றாயிருப்பதால் அநுமானிக்கிறேன். ஒரு மடக்குப் போதும். இது வந்த பிடிப்பை விரட்ட உதவலாம். வராமல் தடுக்கும் என்று நம்பி முன்கூட்டியே குடித்துவிட்டுக் கனத்த கியரில் மேடேறாதே.

மற்ற மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெக்னீசிய மாத்திரை முதியவர்களின் இரவுப் பிடிப்புக்கே பயன்படுவதாக நிரூபணமாகவில்லை. மலேரியா மருந்தான கொய்னாவைக் கால்பிடிப்புக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. இரத்தத்தட்டுகளைக் கெடுத்து உயிருக்கே உலைவைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. உப்பை நான் அடியோடு தள்ளவில்லை. நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்தோடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் உப்பிட்ட மோரோ, உனக்குப் பிடித்த பொடியோ குடிப்பது உசிதமே. தாகத்துக்கு மிஞ்சி வெறும் தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொள்ளாதே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூவருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களே அவர்களில் மிகுதி.

ஆண்டிறுதி விடுமுறையில் மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு மிதிக்கப்போவதாகச் சொன்னாய். அது ஃபேபர் மலை போன்றதன்று. தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இங்கே மேடு முடிந்ததும் கெண்டைக்கு ஓர் இறக்கம் ஓய்வு தருகிறது. அங்கே மணிக்கணக்காக அந்த ஓய்வு கிடையாது. களைத்த தசைதான் பிடிக்கும் என்ற கொள்கை உண்மையானால், அதற்குத் தகுந்த ஒரே ஆயத்தம் நீண்ட நேரம் ஒரே சீராக மிதித்துப் பழகுவதே. நன்யாங் சுற்றுப்பாதையை எவ்வளவு வேகமாக முடித்தாய் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே, பேச்சு நிற்காத மூச்சில், எத்தனை முறை தொடர்ந்து சுற்ற முடிகிறது என்று பார். பின்சக்கரத்துக்கு மேலும் பெரிய பற்சக்கரம் ஒன்றைக் கடைக்காரரிடம் சொல்லி மாட்டிக்கொள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. முதல் இருபது கிலோமீட்டரில் உன்னை எல்லாரும் முந்திச் சென்றால் சரியாகப் போகிறாய் என்று பொருள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. பிடிப்பு விட்டபிறகும் நாட்கணக்கில் ஒரு கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, மிதிக்காத நாட்களிலும் அடிக்கடி பிடித்தாலோ, ஊறுகாயையும் என் கடிதத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார். கொலஸ்டிரால் மாத்திரையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும்கூடப் பிடிப்பைத் தருவதுண்டு என்பதை உன் அப்பாவுக்கும் சொல். அவர் தாமாகவே எதையும் நிறுத்திவிடாமல் தம் மருத்துவரைக் கேட்கட்டும்.

குதிகால் சோதனையில் இருக்கை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஒரேயடியாக இறக்காமல் வாரத்துக்குச் சிறிது சிறிதாக இறக்கு; இல்லையேல் முழங்கால் முறையிடும்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் ஆசிரியர்